சுரைக்காய்க் காம்பில் ஒரு முடிச்சு

அவள் போட்ட முடிச்சு அவிழ்ந்ததாக யாரும் சொன்னதில்லை. சட்டைத் தொழிற்சாலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை அவள் கை பார்த்தது பட்டன் தைக்கும் வேலை ஒன்றைத்தான். நூலைப் பட்டனின் அடியில் மூன்று சுற்று சுற்றி, கடைசிச் சுற்றுக்குள் நுனியை நுழைத்து, கட்டைவிரல் நகத்தால் கீழே தள்ளி இறுக்குவாள். மெஷின் வந்த பிறகும் விலை கூடிய சட்டைகள் அவளிடம்தான் வந்தன. "சட்டை கிழிஞ்சாலும் கிழியும், உன் பட்டன் விழாதும்மா" என்பார் சூப்பர்வைசர். சம்பள உயர்வு வரும்போது மட்டும் அந்தக் கை அவர் ஞாபகத்துக்கு வராது.

கணவர் எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். எந்தக் கடையிலும் ஒரு வாய் டீகூடக் குடித்தவரில்லை. கடைக்காரர்கள் வயிற்றெரிச்சலில் அவருக்குத் 'தராசு' என்று பெயர் வைத்தார்கள். அது கடைத்தெருவைத் தாண்டி வீடு இருந்த தெருவுக்கும் வந்து, அவருடைய நிஜப் பெயரை விழுங்கிவிட்டது. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். அவள் தராசு வீட்டம்மா ஆனாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சீண்டினால் அவளும் சளைக்க மாட்டாள். "கல்யாணத்தன்னைக்கே என்னை நிறுத்துப் பாத்திருப்பாரு. அந்த அளவுக்குத் தட்டு கிடைக்கல, தப்பிச்சேன்" என்பாள்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு வீடு திடீரென்று சிறியதாகிவிட்டது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. அவள் குழாயை மூடும் விதம், கத்தியை வைக்கும் இடம், அரிசி களையும் தண்ணீர், எல்லாவற்றிலும் அவர் ஒரு பிழை கண்டுபிடித்தார். சோதிக்கக் கடைகள் இல்லாமல் போனதால் வந்த வினை. அந்தச் சமயத்தில்தான் பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த பொதுக் காய்கறித் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு பாத்தி கிடைத்தது. உறுப்பினர் அவர். கூடமாட ஒத்தாசைக்கு அவள்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு காய்க்கும் ஒருவர் விதைப் பொறுப்பு. அவர் எடுத்துவைக்கும் விதையிலிருந்துதான் அடுத்த பருவம் எல்லாப் பாத்திகளுக்கும் நாற்று போகும். கடையில் விதை வாங்குகிறவரை மற்றவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். தராசுக்குக் கிடைத்தது சுரைக்காய். ஓய்வுக்குப் பின் அவர் முதுகு நிமிர்ந்தது அன்றைக்குத்தான்.

சுரையில் ஒரு சங்கடம் உண்டு. பக்கத்துப் பாத்திக்காரர் ஒரு பெயிண்டர். ஒரு காலத்தில் கடைப்பலகைகள் எழுதியவர். அந்தத் தொழில் படுத்துவிட்டதால், சாப்பிட முடியாத குடுவைச் சுரையை வளர்த்து, காயவைத்து, வண்ணம் தீட்டி, பரிசுப்பொருள் கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சுரை வாயில் வைக்க முடியாத கசப்பு. அதன் மகரந்தம் நல்ல சுரைப்பூவில் விழுந்தால் அந்த வருஷம் ஒன்றும் தெரியாது. காய் இனிப்பாகவே இருக்கும். அந்தக் காயின் விதை முளைத்து அடுத்த வருஷம் காய்க்கும்போதுதான் கசப்பு வெளியே வரும்.

அதனால் தராசு பூக்களைக் காவல் காத்தார். சுரைப்பூ பொழுது சாயும்போது விரியும். அதற்கு முன்பே ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவிடுவார். இருட்டத் தொடங்கியதும் கட்டை அவிழ்த்து, ஆண் பூவைக் கிள்ளி, பெண் பூவில் தடவி, எந்தப் பூச்சியும் நுழையாதபடி மறுபடி கட்டுவார். பிறகு அந்தப் பிஞ்சின் காம்பில் ஒரு சிவப்பு நூல். அதுதான் முத்திரை. சிவப்பு நூல் கட்டிய காயை யாரும் தொடக்கூடாது. அது கொடியிலேயே முற்றிக் காய்ந்து விதையாக வேண்டும். இத்தனை வேலைக்கும் அவள் பக்கத்தில் நின்று டார்ச் பிடிப்பாள், இலையை விலக்குவாள். சிவப்பு நூலும் அவள் தையல் டப்பாவில் இருந்து வந்ததுதான்.

"சார், என் கொடி மேல இவ்வளவு சந்தேகமா? ராத்திரி வேலி தாண்டி வந்துருமா என்ன?" என்பார் பெயிண்டர்.

"கொடி வராது. பூச்சி வரும்."

"பூச்சிக்கு நான் ஜாமீன் குடுக்க முடியாது சார். அக்கா, நீங்களாவது சொல்லுங்க."

"நான் என்னத்த சொல்றது தம்பி? எனக்கும் சேத்து முத்திரை குத்திட்டுத்தான் தூங்குவாரு" என்பாள் அவள். பெயிண்டர் சிரிப்பார். தராசு சிரித்ததில்லை.

போன வருஷம் காய் பிடித்து, சிவப்பு நூலும் கட்டியான பிறகு அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. குனியக்கூடாது, தூசு படக்கூடாது, கோபப்படக்கூடாது என்றார் டாக்டர். முதல் இரண்டும் அவர் கையில் இருந்தன. மூன்றாவது அவள் தலையில் விழுந்தது. ஒரு மாதம் அவள் மட்டும் தோட்டத்துக்குப் போனாள்.

அந்த மாதத்தைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. பேசினால் சந்தோஷம் வெளியே தெரிந்துவிடும். காலையில் பாத்தியில் இறங்கினால் 'இப்படி ஊத்து, அப்படி கொத்து' என்று சொல்ல ஆளில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் நின்றாள். பெயிண்டரோடு வாய் ஓயாமல் பேசினாள். பிறந்ததிலிருந்து அப்பா, அண்ணன், சூப்பர்வைசர், கணவர் என்று யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்த மாதம்தான் முதுகுக்குப் பின்னால் வெறும் காற்று.

வீடு திரும்பியதும் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து தினமும் ஒரே கேள்வி வரும். "நூல் கட்டின காய் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

ஒரு நாள் காலை அது நல்லா இல்லை. அடிப்பக்கம் கறுத்து, கைவைத்ததும் விரல் உள்ளே போனது. உள்ளே புழு நெளிந்தது. இதைப் போய்ச் சொன்னால் அவர் ஆடித் தீர்ப்பார். கண்ணுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பழியும் அவளுக்குத்தான். இனிமேல் தோட்டத்துக்கு நீ போக வேண்டாம் என்றும் சொல்வார். அந்தக் கடைசி நினைப்புத்தான் அவளை அதிகம் பயமுறுத்தியது என்பதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டது வெகுநாள் கழித்து.

அதே கொடியில் ஒரு முழம் தள்ளி இன்னொரு காய், அதே பருமனில், அப்பழுக்கில்லாமல் தொங்கியது. ஒரே கொடி, ஒரே வேர். வித்தியாசம் என்ன வந்துவிடப் போகிறது? அவள் டார்ச் பிடித்திருக்கிறாளே தவிர, அந்தத் தடவலும் கட்டலும் ஏன் என்று அவர் ஒரு நாளும் அவளுக்கு உட்கார்ந்து விளக்கியதில்லை. 'பிடி', 'விலக்கு', 'ஆடாதே' என்பதோடு சரி. அழுகிய காயின் காம்பிலிருந்து சிவப்பு நூலை அவிழ்த்து நல்ல காயின் காம்பில் கட்டினாள். மூன்று சுற்று, நகத்தால் ஒரு தள்ளு. அழுகியதை எருக்குழியில் புதைத்தாள்.

நிமிர்ந்தபோது பெயிண்டர் தன் பாத்தியில் வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னக்கா, முத்திரையை மாத்தறீங்க?"

"அது அழுகிடுச்சு தம்பி. அவர்கிட்ட சொல்லிடாதீங்க. கண்ணு ஆபரேஷன் பண்ண மனுஷன்."

"எனக்கு என்ன தெரியும்? நான் எதையும் பாக்கலையே" என்று அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் அது விளையாட்டாகத்தான் பட்டது.

கண் தேறி வந்த தராசு, முற்றிக் காய்ந்த காயைக் காம்போடும் நூலோடும் அறுத்தார். விதையை எடுத்துப் பாட்டிலில் போட்டார். காம்பையும் கூடவே போட்டார். அது அவர் பழக்கம். இந்த வருஷம் அந்த விதைதான் நாற்றாகி எல்லாப் பாத்திகளுக்கும் போனது. தோட்டத்துக் கொட்டகை வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்தார். "சார் கை நாத்துன்னா கண்ணை மூடிக்கிட்டு நடலாம்" என்றார் தோட்டத்துச் செயலாளர். மருந்துக்கடை வைத்திருந்தவர் அவர். அன்று இரவு தராசு இன்னொரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

பந்தல் பச்சையாக மூடியது. எந்த வருஷமும் அப்படிக் காய்த்ததில்லை. முதல் காய்களைப் பறித்தவர்கள், வழக்கப்படி, ஒன்றைத் தோட்டத்து வாட்ச்மேனுக்குக் கொடுத்தார்கள்.

மறுநாள் வாட்ச்மேன் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், ரத்தமாக வாந்தி என்று தகவல் வந்தது. அன்று சாயங்காலம் செயலாளர் ஒரு காயின் நுனியை நறுக்கி வாயில் வைத்தவர், துப்பிவிட்டுக் குழாயடிக்கு ஓடினார். பாத்தி பாத்தியாக நறுக்கிப் பார்த்தார்கள். எல்லாக் காயும் ஒரே கசப்பு. கசப்பு என்று தெரிந்ததும் மற்றவர்கள் சமைத்ததைக் கொட்டிவிட்டிருந்தார்கள். வாட்ச்மேன் மட்டும் சாப்பிட்டிருக்கிறார்.

"கசந்துச்சுதாம்மா. ஆசையா குடுத்ததாச்சே, கொட்ட மனசு வரல" என்றார், அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது. கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கொண்டுபோன பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, உட்காராமலே திரும்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். அதற்குள் சுரைக்கொடிகளை எல்லாம் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். வாடிய இலை நாற்றம் கொட்டகைக்குள் வந்தது. வாட்ச்மேன் தேறி வந்து வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், உங்க விதைல எப்படி இது வந்துச்சு? நீங்களே சொல்லுங்க" என்றார் செயலாளர். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் 'சார் கை' என்ற பேச்சு அதில் இல்லை.

தராசு பாட்டிலைத் திறந்து காய்ந்த காம்பை எடுத்து மேஜையில் வைத்தார். பூதக்கண்ணாடியையும் வைத்தார். "நான் பட்டையாத்தான் முடிச்சுப் போடுவேன். இதைப் பாருங்க. சுத்திச் சுத்தி, உருண்டையா இருக்கு. இது என் முடிச்சு இல்ல. நான் கண்ணு ஆபரேஷன் பண்ணி வீட்டுல கிடந்தப்ப யாரோ நூலை வேற காய்க்கு மாத்தியிருக்காங்க."

ஆளாளுக்குக் காம்பை வாங்கிப் பார்த்தார்கள். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முடிச்சை அவளால் அங்கிருந்தே பார்க்க முடிந்தது. பார்க்கக்கூடத் தேவையில்லை. அதே முடிச்சு, அவர் அப்போது போட்டிருந்த சட்டையில் மேலிருந்து கீழாக வரிசையாக இருந்தது.

"யாரு மாத்தியிருப்பாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார் செயலாளர்.

"பக்கத்துப் பாத்தியில யாரு கசப்புச் சுரை வளக்கறது? அதைப் பிடுங்கணும்னு போன வருஷம் நான் சொன்னேன்ல? அந்தக் கோபம் யாருக்கு இருக்கும்? நான் பேர் சொல்லல. நீங்களே நிறுத்துப் பாருங்க."

எல்லாத் தலையும் பெயிண்டர் பக்கம் திரும்பியது.

"என்னய்யா, சொல்லு. நீ மாத்தினியா?" என்றார் செயலாளர். மரியாதை அதற்குள் ஒருமைக்கு இறங்கிவிட்டது.

பெயிண்டர் எழுந்தார். செயலாளரைப் பார்க்கவில்லை, தராசையும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. கூட்ட நெரிசலில் பஸ்ஸில் நமக்கு இடம் பிடித்துவைத்திருக்கிறவர் நாம் வருகிறோமா என்று பார்ப்பது போல ஒரு பார்வை. அவள் குனிந்து புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினாள்.

"நான் மாத்தல" என்றார் பெயிண்டர்.

"அப்ப யாரு?"

"அது எனக்கு எதுக்கு சார்?"

அந்தப் பதில் அவருக்கே எமனாகிவிட்டது. வாட்ச்மேன் செத்திருந்தால் யார் பதில் சொல்வது என்று ஒருவர் கத்தினார். அடுத்த ஞாயிறுக்குள் பாத்தியைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவானது.

வீட்டுக்கு வந்து தராசு குளித்துவிட்டு, நிம்மதியாக ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார். அவள் அவர் கழற்றிப்போட்ட சட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

"என்ன, துவைக்கலையா?"

"பட்டனைத் திருப்பிப் பாருங்க."

அவர் புரியாமல் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒரு பட்டனைப் பார்த்து, அடுத்ததைப் பார்த்து, பாட்டிலிலிருந்து காம்பை எடுத்துப் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தார். அந்த நேரத்திலும் அவர் ஒப்பிட்டுச் சரிபார்த்ததுதான் அவளுக்குப் பின்னால் அடிக்கடி ஞாபகம் வந்தது.

"ஒண்ணுதான்" என்றார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அழுகியதை, புழுவை, பயத்தை. சந்தோஷத்தை மட்டும் சொல்லவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் காம்பைப் பாட்டிலில் போட்டு மூடியைத் திருகினார்.

"பெயிண்டருக்குத் தெரியுமா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு."

"தெரிஞ்சும் சொல்லலையே. அப்ப அவனே ஏத்துக்கிட்ட மாதிரிதான்."

"என்னங்க பேசறீங்க? ஒரு தப்பும் பண்ணாதவரு. நாளைக்கே செயலாளர்கிட்ட போய்..."

"போய் என்னன்னு சொல்றது? தராசு வீட்டிலயே முத்திரை மாறிப்போச்சுன்னா?" குரலை அவர் உயர்த்தவே இல்லை. "முடிவு ஆகியாச்சு. கசப்புச் சுரை என்னைக்கா இருந்தாலும் போக வேண்டியதுதான். நீ வாயைத் திறக்காம இருந்தாலே போதும்."

ஊரில் ஒருவர் டீயும் குடிக்காத மனிதர். கடைக்காரர்கள் அழுது கெஞ்சியபோதும் குறைந்த எடைக்கல்லைத் திருப்பிக் கொடுக்காதவர். அவர் சொல்வது எரிச்சலாக இருக்கும், ஆனால் சரியாக இருக்கும் என்று நம்பித்தான் அவள் அத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் சட்டையை எடுத்துக்கொண்டு போய் வாளியில் அமுக்கினாள்.

அந்த வாரம் முழுக்க அவள் தனக்குள் மல்லுக்கட்டினாள். சொன்னால் தோட்டம் போகும், வீட்டில் மிஞ்சியிருக்கும் பேச்சும் போகும். சொல்லாவிட்டால் பெயிண்டரின் பிழைப்புப் போகும். சனிக்கிழமை காலை தராசு பேங்குக்குப் போன நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பெயிண்டரின் பாத்தி வெறுமையாக இருந்தது. கொம்புகளைக்கூடப் பிடுங்கி, மண்ணைச் சமன் செய்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போயிருந்தார். சாவியை முந்தின நாளே கொடுத்துவிட்டாராம்.

கொட்டகையில் செயலாளரும் இன்னும் சிலரும் இருந்தார்கள். அவள் நின்றபடியே சொன்னாள். "நூலை மாத்தினது நான். பெயிண்டர் தம்பி மேல எந்தத் தப்பும் இல்ல. அவரைக் கூப்பிடுங்க."

ஒருவர் சிரித்தார். "போங்கம்மா. வீட்டுக்குள்ளயே கள்ளனை வச்சுக்கிட்டு சார் ஊரெல்லாம் தேடினாரா?" மற்றவர்களும் சிரித்தார்கள். செயலாளர் மட்டும், "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். வாட்ச்மேன் ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெயிண்டருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வரவில்லை.

தராசு அடுத்த கூட்டத்துக்குத் தலை நிமிர்ந்தே போனார். தன் முறையில் பிழை இல்லை, பிழை முறைக்கு வெளியே நடந்தது என்று சொல்லி, எல்லோரையும் ஒப்புக்கொள்ளவும் வைத்தார். பழைய பாட்டிலில் அதற்கு முந்தின வருஷத்து நல்ல விதை இருந்தது. பொறுப்பு அவரிடமே தங்கியது. மறுபடி இப்படி நடக்காமலிருக்க ஒரு விதியையும் அவரே எழுதினார்: விதைக்கு விட்ட பூவையும் காயையும் பதிவு பெற்ற உறுப்பினர் தவிர வேறு யாரும், குடும்பத்தினர் உட்பட, தொடக்கூடாது. கொட்டகைப் பலகையில் மற்ற விதிகள் எல்லாம் பெயிண்டர் ஒரு காலத்தில் அழகாகத் தீட்டியவை. இதை மட்டும் சாக்பீஸால் கோணலாக எழுதியிருந்தது. அவள் ஒரு நாள் போய்ப் படித்தாள். பின்னாலிருந்து யாரோ "நூலம்மா வந்திருக்காங்க" என்று சொன்னது கேட்டது. பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

பெயிண்டரை ஒரே ஒரு முறை பார்த்தாள். மார்க்கெட் போகும் வழியில் ஒரு வீட்டுக் கேட்டில் எண் எழுதிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத்தான் தெரியுமே தம்பி. அன்னைக்கே ஏன் சொல்லல?"

அவர் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்தார். "நீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேங்க்கா" என்றுவிட்டு எண்ணின் மிச்சத்தை எழுதத் தொடங்கினார். அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த பருவம் வந்தது. சுரை பூக்கத் தொடங்கிய நாட்களில் தராசு சாயங்காலம் தனியாகப் போய்வந்தார். ஆபரேஷன் ஆன கண்ணுக்கு மங்கிய வெளிச்சம் போதவில்லை. ஒரு கையால் பூ, ஒரு கையால் நூல், டார்ச்சுக்குக் கை இல்லை. மூன்றாவது நாள் கிளம்பும்போது வாசலில் நின்றார்.

"டார்ச் பிடிக்க ஒரு ஆள் இருந்தா நல்லா இருக்கும்."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "பலகையில என்ன எழுதியிருக்கீங்க?"

"தொடக்கூடாதுன்னுதான் எழுதியிருக்கேன். டார்ச் பிடிக்கக்கூடாதுன்னு இல்லையே."

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்து, விதி இடம் கொடுக்கிறது என்று கண்டுபிடித்துத்தான் வந்திருந்தார். அவள் தலையைத் தூக்கவில்லை.

"இருட்டுல என் கை எதையாவது தொட்டுட்டா? வேண்டாங்க. நீங்க போய்ட்டு வாங்க."

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. அவள் தட்டைச் சாய்த்து அரிசியைப் பாத்திரத்தில் கொட்டி, குழாயைத் திறந்தாள்.

நன்றாக இருட்டிய பிறகு அவர் திரும்பி வந்தார். சட்டையில் மண். "ரெண்டு பூ ஒடிஞ்சுபோச்சு" என்றார், அறையைப் பார்த்துப் பொதுவாக.

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்றாள் அவள், உள்ளே இருந்தபடி.